கப்பலேறும் மீனும் கறிச்சட்டி மீனும்

கொத்தளம் என்றால் பொருள் என்ன? பகைவர் வருகின்றனரா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்க, கோட்டை மதிலின்மீது எழுப்பப்பட்ட காவல் மேடை! வெள்ளையர் ஆட்சியிலே சென்னைப் பட்டினத்துக்கு எழுப்பிய மதிலின் நினைவைத்தான் நம் மூலக்கொத்தளம் தன் பெயரிலே சுமந்து நிற்கிறது. மதில் போயிற்று. அதன் மிச்சம், இராயபுரத்து மாடிப் பூங்காவிலே காற்று வாங்கப் போவோரின் காலடியில் கிடக்கிறது. அன்றைய பகை குதிரையேறி வந்தது, கண்ணுக்குத் தெரிந்தது, கொத்தளத்திலே நின்றவன் குரல் கொடுத்தான். இன்றைய பகை கண்ணுக்குத் தெரியவில்லை. சோற்றோடு சோறாய், குழம்போடு குழம்பாய் வயிற்றுக்குள்ளேயே நுழைகிறது. அதைப் பார்த்துக் குரல் கொடுக்க ஆள்வோர் கட்டிவைத்த கொத்தளம் எங்கே? இதுதான் நாம் இன்று எழுப்பும் கேள்வி.

மூலக்கொத்தளத்திலிருந்து காசிமேடு நடந்து போய்விடும் தூரம். விடியுமுன் விசைப்படகுகள் கரை சேருகின்றன. வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, கானாங்கெளுத்தி, கடம்பா, இறால் என்று கடல் தந்த செல்வம் குவிகிறது. ஏலம் கூவப்படுகிறது. ஒரே கடல், ஒரே வலை, ஒரே படகு. அந்த ஒரே குவியலில் கிடக்கும் இரண்டு இறாலை எடுத்துக்கொள்வோம். கடலிலே இரண்டும் உடன்பிறந்தவை. கரைக்கு வந்ததும் ஒன்று மேல்சாதி ஆகிவிடுகிறது, மற்றொன்று கீழ்சாதி ஆகிவிடுகிறது! மேல்சாதி இறால் எது? கப்பலேறி அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ ஜப்பானுக்கோ போக இருப்பது. கீழ்சாதி இறால் எது? பழைய வண்ணாரப்பேட்டையிலும் மூலக்கொத்தளத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும், உழைத்துக் களைத்து வீடு திரும்பும் நம் மக்களின் சட்டியிலே வேக இருப்பது.

மிகையாகப் பேசுகிறோம் என்று எவரேனும் எண்ணினால், கப்பலேறும் இறாலுக்குக் கிடைக்கும் உபசாரத்தைச் சற்றுப் பார்க்கட்டும்.

1963-ஆம் ஆண்டிலே ஏற்றுமதித் தரக் கட்டுப்பாடு மற்றும் ஆய்வுச் சட்டம் வந்தது. அதன் கீழே ஏற்றுமதி ஆய்வு மன்றம் என்று ஓர் அமைப்பு. அதற்குச் சென்னை, கொச்சி, மும்பை, கொல்கத்தா, டில்லி என ஐந்து ஊர்களில் முகமைகள். 1972-இலே கடல்சார் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்துக்கான சட்டம் வந்தது. அதற்குத் தலைமையகம் கொச்சியிலே. 1995-இலே மீனுக்கென்றே தனி விதிகள் வந்தன. அந்த விதிப்படி, இறாலைப் பதனிடும் ஆலைக்கு அங்கீகாரம் வேண்டும். இறாலை உரிக்கும் கொட்டகைக்கும் அங்கீகாரம் வேண்டும். கழுவும் தண்ணீர் குடிக்கும் தரத்தில் இருக்க வேண்டும். இடுகிற பனிக்கட்டியும் அப்படியே. தரை வழவழப்பாக, கழுவி விடத்தக்கதாக இருக்க வேண்டும். ஈ நுழையக் கூடாது. தொழிலாளி கை கழுவ ஓர் இடம், கால் நனைத்து வர ஒரு தொட்டி, தலைக்கு உறை, உடம்புக்கு மருத்துவச் சோதனை. உறைந்த சரக்கின் குளிர், சுழியத்துக்குக் கீழே 18 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. எந்தக் குவியல் எந்த நாளில் எங்கிருந்து வந்தது என்று ஏட்டிலே எழுத வேண்டும். நோய்க்கிருமி உண்டா, மருந்தின் எச்சம் உண்டா என்று சோதனைக்கூடம் சொல்ல வேண்டும். அத்தனையும் சரியானால்தான் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால்தான் கப்பல்!

ஒரு மகாராணி மணமகன் வீட்டுக்குப் புறப்படுகிறாள் என்றால்கூட இத்தனை ஏற்பாடு இருக்குமா என்று தெரியவில்லை! இதை நாம் குறை கூறவில்லை. இருக்கத்தான் வேண்டும். இருப்பதனால்தான் 2024-25-ஆம் ஆண்டிலே 16 இலட்சத்து 98 ஆயிரம் டன் கடலுணவு இந்தியாவிலிருந்து வெளிநாடு சென்று, 62,408 கோடி ரூபாயைக் கொண்டுவந்தது. அதிலே பெரும்பங்கு உறைந்த இறாலுக்கு. வலையிழுத்த கைகளும், இறால் உரித்துச் சிவந்த விரல்களும் ஈட்டித் தந்த பணம் அது.

நாம் கேட்பதெல்லாம், இந்தக் காவல் எப்படி வந்தது, எவருடைய நலனுக்காக வந்தது என்பதுதான்.

வரலாற்றைச் சற்றுப் புரட்டுவோம். 1997. இந்தியச் சுதந்திரத்தின் பொன்விழா ஆண்டு. கொடிகள் பறந்துகொண்டிருந்த அந்த ஆகஸ்டு மாதத்திலே, ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடலுணவை எங்கள் கரையில் இறக்காதே என்று தடுத்துவிட்டது! அவர்களுடைய ஆய்வாளர்கள் இங்கே வந்து ஆலைகளைப் பார்த்தார்கள். சுகாதாரம் போதவில்லை என்றார்கள், சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கிறது என்றார்கள், கதவைச் சாத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 18 முதல், அமெரிக்காவும் தன் நாட்டுக்குள் வரும் கடலுணவுக்குப் புதுக் கட்டுப்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ‘ஹாசப்’ என்று அதற்குப் பெயர். கெட்டுப்போன பின் கண்டுபிடித்துக் கொட்டுவதற்குப் பதிலாக, எந்த இடத்திலே கெடும் என்று முன்கூட்டி ஆராய்ந்து, அந்த இடத்திலேயே காவல் போடுவது. விண்வெளிக்குச் செல்லும் வீரர்களுக்கு வயிற்றுவலி வந்துவிடக் கூடாதே என்று, 1960-களில் அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்காக வகுக்கப்பட்ட முறை அது.

கதவு சாத்தப்பட்டதும் டில்லியிலே என்ன நடந்தது? உறங்கியவர்கள் விழித்தார்கள்! விழித்தவர்கள் ஓடினார்கள்! ஆலைகள் மாற்றிக் கட்டப்பட்டன, உரிக்கும் கொட்டகைகள் ஒழுங்குபடுத்தப்பட்டன, சோதனைக்கூடங்கள் வலுப்பெற்றன. அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே, தரம் உடையது என்று ஒப்புக்கொள்ளப்பட்ட ஆலைகளுக்கு ஐரோப்பியக் கதவு மீண்டும் திறந்தது. பிறகும் அவர்கள் கண் மூடவில்லை. வளர்ப்பு இறாலிலே மருந்து எச்சம் காணப்படுகிறது என்று, 2016-இலே, இந்தியாவிலிருந்து வரும் வளர்ப்புச் சரக்கில் பத்தில் ஒன்றைச் சோதித்து வந்ததை மாற்றி, இரண்டில் ஒன்றைச் சோதிப்போம் என்று உயர்த்தினார்கள்.

இதிலிருந்து நாம் அறிவது இரண்டு. ஒன்று, மனம் வைத்தால் இந்த நாட்டிலே மீனைச் சுத்தமாகக் கையாள முடியும். சில மாதங்களிலேயே முடியும். ‘இங்கெல்லாம் நடக்கிற காரியமா?’ என்று உதட்டைப் பிதுக்குவோரின் வாய்க்கு அது போட்ட பூட்டு. மற்றொன்று, நம்மைக் கசக்கும் உண்மை. ஆள்வோரை விழிக்கவைத்தது நம் பிள்ளைகளின் வயிற்றுவலி அல்ல, ஐரோப்பியக்காரனின் முகச்சுளிப்பு! வாங்குபவன் கண்டிப்பானவனாக இருந்தான், விற்பவன் திருந்தினான். அப்படியானால், இங்கே வாங்கித் தின்கிற நமக்காகக் கண்டிப்புக் காட்ட வேண்டியவர் யார்? அரசுதானே! அந்த அரசு காட்டிய கண்டிப்பு எத்தகையது?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1954-இலே உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. அதை நீக்கி, 2006-இலே உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்டு 5 முதல் நாடெங்கும் நடைமுறையில் இருக்கிறது. பாதுகாப்பற்ற உணவு ஓர் உயிரைக் குடித்துவிட்டால் 7 ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் வரையிலும் நீளலாம். அபராதம் 10 இலட்சத்துக்குக் குறையாது. படிக்கும்போது புல்லரிக்கத்தான் செய்கிறது! ஏட்டிலே புலி! நாட்டிலே?

அந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவைப் பாருங்கள். உழவனுக்கும் மீனவனுக்கும், அவர்கள் செய்யும் தொழிலுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று விலக்கு அளிக்கிறது. நல்லது, வரவேற்கிறோம். புயலோடும் அலையோடும் போராடி வருகிறவனை, உரிமத் தாளைக் காட்டு என்று கரையிலே நிறுத்தி வைப்பது நியாயம் ஆகாது. ஆனால், அந்த விலக்கு எழுதப்பட்டபோதே அதன் அடுத்த வரியும் எழுதப்பட்டிருக்க வேண்டும். மீனவனைச் சட்டம் கேட்காது என்றால், மீன் இறங்கும் தளத்துக்கு யார் பொறுப்பு? தளத்தைக் கழுவும் தண்ணீருக்கு யார் பொறுப்பு? படகிலே ஏற்றும் பனிக்கட்டி எந்தத் தண்ணீரிலே உறைந்தது என்று பார்க்க யார் பொறுப்பு? துறைமுக நிலம் ஒருவருடையது, மீன்துறை ஒருவருடையது, குப்பை ஒருவருடையது, தண்ணீர் ஒருவருடையது, உணவுச் சட்டம் இன்னொருவருடையது! ஐந்து பேர் வீட்டில் அடுப்பு எரியாது என்பார்களே, அந்தக் கதைதான்.

2018-ஆம் ஆண்டை வடசென்னை மறந்திருக்காது. கிழக்குக் கரையிலே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் குஞ்சு பொரிக்கும் காலத்துக்கு மரியாதை, நியாயமான தடை. அந்த நாட்களிலே நம் சந்தைக்கு வெளி மாநிலத்து மீன் நெடுந்தூரம் லாரியேறி வருகிறது. நெடுந்தூரம் என்றால் பனிக்கட்டி நிறைய வேண்டும். பனிக்கட்டிக்குக் காசு வேண்டும். காசை மிச்சம் பிடிக்க எண்ணுகிற பேராசைக்காரன் கையிலே எது அகப்படுகிறது? பார்மலின்! பிணம் கெடாமல் இருக்கப் பயன்படுத்தும் திரவம்! அந்தப் பார்மலினுக்கு மூலமான பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரவல்லது என்று, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே தீர்ப்புக் கூறிவிட்டது.

2018 ஜூன் மாதம், கேரள அரசு ‘சாகர் ராணி’ என்று பெயரிட்டு ஒரு வேட்டை நடத்தியது. தமிழக எல்லையை ஒட்டிய ஆரியங்காவு சோதனைச் சாவடியிலே, ஏறத்தாழ 9,600 கிலோ மீன் பார்மலின் கலந்தது என்று பிடிபட்டது. அடுத்த மாதம் கோவா, வெளி மாநில மீனைத் தடுத்தது. அசாமும் தடுத்தது. இங்கே காசிமேட்டிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் வாங்கிய மீனைக் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகச் சோதனைக்கூடத்திலே ஆய்ந்தபோது, சில மாதிரிகளில் பார்மலின் தெரிந்தது என்று ஓர் ஆங்கில நாளேடு எழுதியது. ஊர் திகைத்தது. அரசுத் தரப்பினர் வேறு மாதிரிகளை எடுத்துச் சோதித்து, அச்சம் வேண்டாம் என்றார்கள்.

உண்டு என்றது ஒரு சோதனை, இல்லை என்றது ஒரு சோதனை. எது மெய்? இரண்டும் மெய்யாக இருக்கலாம்! இன்று வந்த கூடை வேறு, நாளை வரும் கூடை வேறு. மேலும், சில மீன்களின் உடலிலே இயற்கையாகவே சிறிதளவு பார்மால்டிஹைடு உண்டாகிறது. ஆகவே, இயற்கை எது, கயவன் ஊற்றியது எது என்று பிரித்தறிய வரம்பு வேண்டும், அன்றாடச் சோதனை வேண்டும், முடிவை ஊரறியச் சொல்லும் நாணயம் வேண்டும். அன்று இம்மூன்றும் இல்லாததால் விளைந்தது என்ன? பார்மலின் ஊற்றிய பேராசைக்காரன் எங்கோ இருந்தான். கடற்கரையிலே விடியற்காலையில் ஏலமெடுத்து, தெருத்தெருவாய்ச் சுமந்து விற்கும் தாய்மார்களின் கூடையிலே மீன் தேங்கியது. குற்றம் ஒருவனுடையது, தண்டம் கட்டியவள் கூடைக்காரி!

மீனைச் சோதிக்கும் முறை எப்படி இருக்கிறது தெரியுமா? உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்து அனுப்பினால், ஆய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும் என்கிறது சட்டம். 14 நாள்! எண்ணெய்க்குச் சரி, பருப்புக்குச் சரி, மிளகாய்த் தூளுக்கும் சரி. காலையில் ஏலம் போன நெத்திலிக்கு ஆயுள் எவ்வளவு? அன்று மாலைக்குள் குழம்பு. மறுநாள் காலை பழங்குழம்பு. அதற்கப்புறம் வெறும் நினைவு! அறிக்கை வரும்போது, தின்றவன் பிழைத்தானா என்றுதான் விசாரிக்க முடியும். நோயாளியை எரித்துவிட்டு நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியம் இது.

வேறு வழியில்லையா? இருக்கிறதே! கொச்சியிலே இருக்கும் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனத்து விஞ்ஞானிகள், மீனின்மேல் ஒரு தாளைத் தேய்த்து, ஒரு சொட்டு மருந்து விட்டால் சில நிமிடங்களில் நிறம் மாறிக் காட்டும் சோதனைப் பொருளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பார்மலினுக்கு ஒன்று, அம்மோனியாவுக்கு ஒன்று. கேரளம் அதைக் கையிலெடுத்துக்கொண்டுதான் சோதனைச் சாவடியில் நின்றது. வழக்கு மன்றத்துக்குச் சோதனைக்கூட அறிக்கை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கூடையை விற்கலாமா, நிறுத்தி வைக்கலாமா என்று விடியற்காலை நான்கு மணிக்குத் தீர்மானிக்க அந்தத் தாள் போதும்.

பார்மலினைப் பற்றியாவது ஊர் பேசிற்று. எவரும் பேசாத இன்னொன்றைச் சொல்கிறோம். திருவொற்றியூர்க் குப்பத்திலே சூரை மீனுக்கென்றே தனித் துறைமுகம் எழுந்திருக்கிறது. ஆழ்கடல் செல்லும் நம் மீனவர்களுக்கு அது ஆக்கம் தரட்டும். அந்தச் சூரைக்கு ஒரு குணம் உண்டு. பிடித்த உடனே குளிரிலே வைக்காவிட்டால், அதன் சதையிலே கிருமிகள் ‘ஹிஸ்டமின்’ என்ற நஞ்சை உண்டாக்கும். கானாங்கெளுத்திக்கும் மத்திக்கும்கூட இதே ஆபத்து உண்டு. நாற்றம் அடிக்காமலே இருக்கக்கூடும். கொதிக்கும் குழம்பிலே போட்டாலும் அது அழியாது. தின்றவனுக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பெல்லாம் தடிக்கும், வாந்தி வரும். ‘மீன் சூடு, ஒத்துக்கொள்ளவில்லை’ என்று பாட்டி வைத்தியம் நடக்கும். கணக்கிலே எங்கும் ஏறாது!

இந்த ஹிஸ்டமினுக்கு ஐரோப்பாவிலே வரம்பு எப்படி? ஒரு சரக்கிலிருந்து ஒன்பது மாதிரி எடுக்க வேண்டும். சராசரி ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இரண்டு மாதிரி மட்டும் 100-க்கும் 200-க்கும் நடுவே இருக்கலாம். 200-ஐ ஒன்றுகூடத் தாண்டக் கூடாது. நம் உணவு விதிகளிலும் ஹிஸ்டமினுக்கு வரம்பு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கப்பலேறும் சூரைக்கு அளந்து பார்க்க ஆளும் கருவியும் ஓடி வருகின்றன. நம் தெருவுக்கு வரும் சூரைக்கு அளவுகோல், கூடைக்காரியின் கண்ணும் வாங்குபவளின் மூக்கும்தான். செவுளைத் தூக்கிச் சிவப்புப் பார்ப்பது பரம்பரை அறிவு, மதிக்கிறோம். ஆனால் மூக்குக்குத் தெரியாத நஞ்சுக்கு மூக்கையே காவல் வைப்பது ஆட்சியின் அறிவாகுமா?

இதுவரை மீனைப் பற்றிப் பேசினோம். மீனைத் தொடுகிற கைகளைப் பற்றிப் பேசாவிட்டால் நம் பேச்சு அரைப்பேச்சு. ‘கடலுணவுப் பாதுகாப்பு’ என்று எழுதுகிறவர்கள், உண்ணுகிறவனின் பாதுகாப்பை மட்டுமே எண்ணி எழுதுகிறார்கள். உரிக்கிறவளின் பாதுகாப்பு? பனிக்கட்டித் தண்ணீரிலே விரல் விறைக்க, நின்ற கால் நிற்க, எடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்கள்தான் இந்தத் தொழிலின் முதுகெலும்பு. இறாலை உறையவைக்கும் ஆலைகளிலே குளிரூட்டப் பெரும்பாலும் அம்மோனியா வாயு ஓடுகிறது. 2024 ஜூலை 19 இரவு, தூத்துக்குடியை அடுத்த புதூர் பாண்டியாபுரத்திலே, ஒரு மீன் பதனிடும் ஆலையில் அம்மோனியா கசிந்தது. ஏறத்தாழ 30 பெண் தொழிலாளர்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். நம் மாநிலத்துப் பெண்களும் இருந்தார்கள். பிழைப்புத் தேடி ஒடிசாவிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள்.

அம்மோனியா என்றால் என்ன என்று எண்ணூர்க்காரர்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டாம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் செல்லும் குழாயிலிருந்து அந்த வாயு கிளம்பி, பெரியகுப்பம் மக்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டிலே ஓடினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஊருக்கு நேர்ந்தால் வெளியே தெரிகிறது. ஆலைச் சுவருக்குள்ளே நேர்ந்தால்?

சுவருக்குள்ளே பார்க்க வேண்டிய சட்டமோ மெலிந்துகொண்டு வருகிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின்படி, மின்விசையோடு 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. மின்விசை இல்லாவிட்டால் 20 பேர். அந்தச் சட்டத்தின் இடத்திலே, 2025 நவம்பர் 21 முதல், பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தை டில்லி அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதன்படி எண்ணிக்கை 20 என்றும் 40 என்றும் இரட்டிப்பாகிவிட்டது. பத்துப் பேர் வேலை செய்யும் இடங்களுக்குப் பொதுவான கடமைகள் சில அதிலே உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் 15 பெண்கள் இறால் உரிக்கும் கொட்டகை, நேற்றுவரை மின்விசை இருந்தால் தொழிற்சாலை. இன்று தொழிற்சாலை அல்ல! கொட்டகை மாறவில்லை, பனிக்கட்டி மாறவில்லை, பெண்ணின் விரல் விறைப்பு மாறவில்லை. அகராதியிலே ஒரு சொல்லின் பொருள் மாறியது. ஒரு காவல் கழன்றது. கப்பலேறும் இறாலுக்கு ஏட்டிலே தினமும் கணக்கு. அதை உரித்தவளுக்குக் கணக்கும் கிடையாது, காவலும் கிடையாது!

கடலும் ஒரு சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று, எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டு எண்ணெய் கொட்டியது. மக்கள் வாளிகொண்டு அள்ளினார்கள். 2023 டிசம்பரிலே, மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தை மூடியது. படகும் வலையும் கறுத்தன. ஜப்பானிலே மினமாட்டா என்று ஒரு மீனவர் ஊர். ஆலைக் கழிவின் பாதரசம் விரிகுடாவிலே கலந்து, மீனிலே ஏறி, மீனைத் தின்றவரின் நரம்பைத் தின்றது. 1956-இலே நோய் கண்டறியப்பட்டது. ஆலைக் கழிவுதான் காரணம் என்று அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டது 1968-இலே! பன்னிரண்டு ஆண்டு தயக்கத்துக்கு விலை, மனித உயிர்கள். எண்ணூர் மினமாட்டா ஆகிவிட்டது என்று நாம் பீதி கிளப்பவில்லை. ஆலையும் அலையும் அடுத்தடுத்து இருக்கிற இடத்திலே, மீனை ஒழுங்காகச் சோதித்து மக்களுக்குச் சொல்வது ஆட்சியின் கடமை என்கிறோம்.

இதற்கு மறுப்பு ஒன்று வரும். நாமே எடுத்து வைக்கிறோம். ‘கட்டுப்பாடு என்றால் கூடைக்காரியைத்தானே விரட்டுவார்கள்? வெண்பளிங்குக் கடை வைத்திருக்கிறவன் பிழைப்பான். நடைபாதையில் உட்காருகிறவள் சாவாள்!’ இந்த அச்சம் பொய்யல்ல. சுகாதாரம் என்ற பெயரைச் சொல்லிச் சாலையோரக் கடைகளைத் தூக்கி எறிந்த காட்சிகளைக் கண்ட ஊர் இது. ஆகவேதான் சொல்கிறோம், கட்டுப்பாடு மேலேயிருந்து கீழே வரட்டும். முதலில் துறைமுகத் தளம், பிறகு பனிக்கட்டி ஆலை, பிறகு மொத்த வியாபாரி, அவன் லாரி. இவை நான்கும் சுத்தமானால், கூடைக்குள்ளே இருக்கும் மீனும் சுத்தமாகத்தான் இருக்கும். அவளுக்கு வேண்டியது அபராதச் சீட்டு அல்ல. நல்ல பனிக்கட்டி, நல்ல தண்ணீர், வெயில் படாத ஒரு மேடை.

2021-22 மத்திய நிதிநிலை அறிக்கையிலே, ஐந்து மீன்பிடித் துறைமுகங்களைப் பெரிதாக்குவோம் என்று அறிவித்தார்கள். அதிலே சென்னையும் ஒன்று. கட்டிடம் எழுவது நல்லதே. ஆனால் கட்டிடம் மீனைச் சோதிக்காது! கல்வெட்டு ஹிஸ்டமினை அளக்காது!

ஆகவே, நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை. காசிமேட்டிலேயே, ஏலம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, விடியுமுன் திறக்கும் சோதனைக்கூடம் ஒன்று வேண்டும். மீன்பிடித் தடைக்கால 61 நாட்களிலும், வெளியூர் லாரி ஒவ்வொன்றும் சந்தைக்குள் நுழையுமுன் தாள் சோதனை நடக்க வேண்டும். முடிவை, எடைப் பலகைக்குப் பக்கத்திலே கரும்பலகையில், தமிழில், அன்றன்றே எழுத வேண்டும். பனிக்கட்டி ஆலைகளின் தண்ணீரை மாதந்தோறும் சோதிக்க வேண்டும். துறைமுகத்தின் சுகாதாரத்துக்கு ஒரே ஓர் அதிகாரியைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்க வேண்டும். ஏற்றுமதி ஆலைக்கு அங்கீகாரம் கொடுக்குமுன், மீனின் குளிரைப் பார்ப்பதுபோல், உரிக்கிற பெண்ணின் கூலி ஏட்டையும், அம்மோனியா எச்சரிக்கை மணியையும், தப்பியோடும் வாசலையும் பார்க்க வேண்டும். இதிலே மாநில அரசு செய்யக்கூடியதை மாநில அரசு செய்யட்டும்; டில்லியின் கையில் இருப்பதை டில்லி செய்யட்டும். ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டு நிற்கும் நேரத்தில் மீன் கெட்டுவிடும்.

இவற்றில் எதுவும் விண்ணிலிருந்து விண்மீனைப் பறித்துவரச் சொல்லும் கோரிக்கை அல்ல. காசிமேட்டிலிருந்து சில தெருக்கள் தள்ளி, ஏற்றுமதி ஆலையின் சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் நடப்பதைத்தான் சுவருக்கு இந்தப் பக்கமும் நடத்துங்கள் என்கிறோம். வெளிநாட்டான் காசு கொடுத்து வாங்குகிறான் என்பது காரணமா? மூலக்கொத்தளத்துத் தாயும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறாள். முந்தானையில் முடிந்துவைத்த காசு! வெளிநாட்டான் கேள்வி கேட்கிறான் என்பது காரணமா? அப்படியானால் இதோ, நாமும் கேட்கிறோம். 1997-இலே ஐரோப்பா கேட்டதும் ஆண்டு முடிவதற்குள் விடை கிடைத்தது. வாக்களித்து ஆட்சியில் அமர்த்திய மக்கள் கேட்கிறார்கள். விடை எந்த ஆண்டு?